சத்து மாத்திரை லேபிளைப் படித்துக் கணக்குப் போடுவது எப்படி?

வீட்டில் உள்ள சத்து மாத்திரை டப்பாக்களையெல்லாம் மேஜையில் வையுங்கள். புரதப் பொடி, மூலிகைக் கேப்சூல், கரைத்துக் குடிக்கும் மாத்திரை எதையும் விட வேண்டாம். இதற்குச் செயலிகள் உண்டு, ஆனாலும் தாளும் பேனாவும்தான் நல்லது. ஒரே சத்து இரண்டு டப்பாவில் வருவது தாளில் உடனே கண்ணில் படும். அதையே மருத்துவரிடமும் காட்டலாம்.

படி 1: பின்பக்க அட்டவணையில் 'ஒரு வேளை அளவு' என்ன என்று பாருங்கள். அங்குள்ள எண் ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்பது அதில்தான் இருக்கும்.

படி 2: அலகைச் சேர்த்தே எழுதுங்கள். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் 40 ஐ.யு. (சர்வதேச அலகு) ஆகும்.

படி 3: எழுதியிருப்பது உப்பின் (சத்து சேர்ந்திருக்கும் வேதிச் சேர்மத்தின்) எடையா, சத்தின் எடையா? பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் அது முழு உப்பின் எடை. அதில் கால்சியம் 40 சதவீதம், அதாவது 500 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் 21 சதவீதம்தான். ஆனால் 'கால்சியம் (கார்பனேட் வடிவில்) 500 மி.கி.' என்றிருந்தால் அது ஏற்கெனவே கால்சியத்தின் எடை. அதை மறுபடி 40 சதவீதமாகக் குறைத்து 200 என்று எழுதிவிட்டு, போதவில்லை என்று இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. குழப்பமாக இருந்தால் 'எலிமென்டல்' (சத்தின் எடை மட்டும்) என்ற சொல்லைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் எடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் குறைந்துவிடும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், அதற்கு வயிற்று அமிலம் தேவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிட்ரேட் ஏற்றது.

படி 4: கூட்டுங்கள். அமெரிக்க வரையறைப்படி பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு உச்ச வரம்பு: வைட்டமின் டி 4000 ஐ.யு., ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ 3000 மைக்ரோகிராம், துத்தநாகம் 40 மி.கி., இரும்பு 45 மி.கி. குறைபாட்டுக்காக மருத்துவர் இதற்கு மேல் எழுதித் தந்திருந்தால் அது சிகிச்சை. நீங்களாகக் குறைக்காதீர்கள்.

நீரில் கரையும் வைட்டமின் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. பி6 நீண்ட நாள் மிகுந்தால் கை கால் மரத்துப்போகும், நரம்பு பாதிக்கப்படும். இருபது சத்துகள் கலந்த மாத்திரையைவிட, தேவையான ஒன்று மட்டும் உள்ளதை வாங்குவதே மேல். ஒவ்வொரு மூலிகையின் அளவையும் சொல்லாமல் மொத்தக் கலவையின் எடையை மட்டும் போடும் டப்பாவை வாங்கவே வேண்டாம்.

படி 5: மருந்துகளோடு ஒத்துப் பாருங்கள். தைராய்டு மருந்தான லெவோதைராக்சினுக்கும் கால்சியம், இரும்புக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் கே-யைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அதிக அளவில் எடுத்த புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பின்னர் சேர்த்தது: முடி, நகத்துக்கான மாத்திரையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அவசியம் சேர்க்க வேண்டும். அவற்றில் உள்ள பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) பெரும்பாலும் 5 அல்லது 10 மி.கி. பெரியவர்களுக்குப் போதுமானதோ 30 மைக்ரோகிராம். இவ்வளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன்பே ஆய்வகத்தில் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்.