வெளிநாட்டில் இருந்து திருகோணமலைக்குச் சைக்கிளோடு போகிறவர்கள் கவனத்துக்கு

முதலில் வால்வு. உங்கள் சைக்கிள் ரியூபில் இருப்பது மெல்லிய பிரெஞ்சு வால்வு என்றால் ஊரில் ஒட்டுப்போடுகிற கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது. பித்தளையில் சுண்டுவிரல் நகமளவு ஒரு திருகு விற்கிறார்கள். அதை வால்வின் தலையில் பூட்டிவிட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற எந்த இடத்திலும் அடித்துக்கொள்ளலாம். இரண்டு வாங்கிப் போங்கள். நான் ஒன்றுதான் கொண்டுபோனேன், அது இரண்டாம் நாளே சாம்பல்தீவுப் பாலத்தடியில் மணலுக்குள் விழுந்துவிட்டது. அரை மணி நேரம் குனிந்து கிளறினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், பவுணா தம்பி என்று கேட்டார்.

மற்றபடி என்ன உடுப்பது, என்ன பூசுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் பிறந்த ஊர்.

காலம் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, கடலும் குழம்பிக் கிடக்கும். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரி, ஆனால் மே கழிந்தால் கச்சான் காற்று தொடங்கிவிடும். தரைப்பக்கமிருந்து வரும் காற்று, அடுப்பு வாயைத் திறந்தது போல. வடக்கே குச்சவெளிப் பக்கம் மிதிக்கும்போது முதுகைத் தள்ளிவிடும், நமக்கு இன்னும் இருபது வயதுதான் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பப் பாருங்கள். ஜூலையில் பத்து மணிக்கு மேல் சைக்கிளில் போனால் வெளிநாட்டுக்காரன் என்று நாய்க்கும் தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் பிடிக்கிற பாதை நகரத்தில் இருந்து உப்புவெளி, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலம் வரை போவது. மேடு பள்ளமே இல்லை. நிலாவெளி நகரில் இருந்து சுமார் 14 கிலோமீட்டர். பெரிய றோட்டில் பஸ்காரர்கள் காதுக்குள் ஹோர்ன் அடிப்பார்கள், அதனால் அலஸ்தோட்டத்தில் இறங்கிக் கடற்கரையோர ஒழுங்கைகளால் போங்கள், விடுதிச் சுவர்களுக்கு இடையால் கடல் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டே வரும். உப்புவெளியில் றோட்டோரமாகப் போர்க் கல்லறை இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் குண்டுபோட்ட துறைமுகம் அல்லவா இது. புல்லை ஒரு மட்டத்துக்கு வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நம் பக்கத்துச் சனத்துக்கு இப்படி ஒரு கல் வரிசை இல்லையே என்று நினைத்தேன், நினைத்துவிட்டு ஏறி மிதித்தேன்.

நிலாவெளிக்கு முன்பின்னாக உப்பளங்கள் வரும். காலை வெயில் பாத்திகளில் பட்டுக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி அங்கேதான் உதவும். புறாமலைத் தீவுக்குப் படகு நிலாவெளிக் கரையில் இருந்து போகிறது. அது 2003இல் இருந்து தேசியப் பூங்கா, பவளப் பாறையும் சின்னச் சுறாக்களும் உண்டு. நுழைவுச் சீட்டில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. கனடாக் கடவுச்சீட்டை நீட்டினால் நீங்கள் வெளிநாட்டவர். நான் தமிழில் கேட்டேன், அவரும் தமிழில்தான் விலையைச் சொன்னார். வாதாட வேண்டாம், அவர் சொன்னது சரி.

இறக்கக்கண்டிக்கு வடக்கே கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி, அப்புறம் புல்மோட்டை. இதுதான் நான் ஓடுவதற்கென்றே போன பாதை. நகரத்தில் இருந்து புல்மோட்டை சுமார் 55 கிலோமீட்டர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பற்றைக்காடு, நிழல் குறைவு, கடையும் குறைவு. ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீராவது வேண்டும். புல்மோட்டைக் கரையில் இல்மனைட் கலந்த கறுப்பு மணல் கிடக்கும். இதைவிட விவரமாக என்னால் எழுத முடியாது. பதினொரு நாள் விடுமுறையில் ஐந்து நாளை நான் ஒரு அலுவலகத்தின் வாங்கில் இருந்து கழித்தேன்.

நடந்தது இதுதான். கும்புறுப்பிட்டிப் பக்கம் தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த இரண்டு ஏக்கர் காணி. உறுதிக் காணி இல்லை, அனுமதிப்பத்திரக் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. இந்த வகைக் காணியை நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது, தனக்குப் பிறகு காணி யாருக்கு, அதாவது பின்னுரித்தாளர் யார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். தாத்தா எழுதவில்லை. எழுதாவிட்டால் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையில் மகன்மார் முன்னுக்கு, மகள்மார் பின்னுக்கு. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். தாத்தா செத்தது அதற்கு எத்தனையோ வருடம் முன்னால். காணியில் இருந்து காவல் காத்தது மாமி, அப்பாவின் சகோதரி. கடதாசியில் முன்னுக்கு நின்றது 1986இல் நாட்டை விட்டுப் போன என் அப்பா. அப்பாவும் போய்விட்டார், மிச்சம் நான்.

"ஒரு கையெழுத்துத்தானே தம்பி, பத்து நிமிசம்" என்றார் மாமி. நான் சைக்கிள் உடுப்போடு போனேன், வருகிற வழியில் அப்படியே குச்சவெளிக்கு மிதிக்கலாம் என்று.

முதல் நாள் காணி உத்தியோகத்தர் வெளிக்களம் போய்விட்டார். இரண்டாம் நாள் கோவை, அதாவது காணி ஃபைல், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நான்காம் நாள் கோவை கிடைத்தது, ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் ஆங்கிலப் பெயரில் இல்லாத ஒரு எச் எழுத்து கடவுச்சீட்டில் இருந்தது. டொரன்டோவில் யாரோ சேர்த்த எச். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதை உறுதிப்படுத்துகிற சமாதான நீதவானைத் தேடிப் போனால் அவர் கலியாண வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் வருவார். வந்தவர் முத்திரை குத்தும் மையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். எதிரே போட்டோப்பிரதிக் கடைப் பையனுக்கு என் குடும்ப வரலாறு முழுக்கத் தெரியும் இப்போது. அவன்தான் என் சைக்கிளைக் கடைக்குள் ஏற்றிவைத்துப் பார்த்துக்கொண்டான், ஒவ்வொரு நாளும் கியரை மாற்றி மாற்றி.

ஆகவே உங்களுக்கு: உறவினர் ஒரு கையெழுத்து கேட்டால் போவதற்கு ஒரு மாதம் முன்பே என்ன காணி, என்ன பத்திரம், யார் யார் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பொதுமக்கள் தினம் எது, அன்றைக்கு அந்த உத்தியோகத்தர் கதிரையில் இருப்பாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். முடிந்தால் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே தூதரகத்தில் உறுதிப்படுத்தி அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சைக்கிள் ஓடுங்கள். அலுவலகத்தில் கோபப்படாதீர்கள். நான் பட்டேன். நாலாம் நாள் பின்னேரம் சத்தம் போட்டேன், "எனக்கு லீவு முடியப்போகுது" என்றேன். லிகிதர் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்ப பயணம்?" என்று கேட்டது. தேதியைச் சொன்னேன். "அம்மா மூன்று வருசமா வாறா" என்று மாமியைக் காட்டியது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த பால்மாப் பையைப் பிரித்து அனுமதிப்பத்திரத்தை எடுத்தார். நாலாக மடித்து, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் மருத்துவமனைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஓடும்போது தலையணைக்குள் வைத்துத் தைத்ததாம். அகதி முகாமில் அந்தத் தலையணையில்தான் மூன்று பிள்ளைகளும் மாறி மாறிப் படுத்தார்கள். பிறகு 2004 டிசம்பர் 26, கடல் வந்த அன்று, இந்தப் பையைத்தான் முதலில் தூக்கினாராம். நான் வாங்கில் இருந்துகொண்டு என் சப்பாத்தின் அடியில் பூட்டியிருந்த பெடல் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சப்பாத்தோடு சீமெந்துத் தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும். போன நாளெல்லாம் கேட்டது.

ஐந்தாம் நாள் கையெழுத்து வைத்தேன்.

மிச்ச நாட்களில் ஓடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னியா சுமார் எட்டுக் கிலோமீட்டர், அநுராதபுரம் றோட்டில் போய்த் திரும்ப வேண்டும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடமை செய்ய வெட்டியது என்பார்கள், நம் சனமும் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு அங்கேதான் போகும். மிதித்துக் களைத்த காலுக்குச் சுகமாக இருந்தது, அப்பாவுக்கு இங்கே ஒன்றும் செய்யவில்லையே என்பதும் அங்கேதான் ஞாபகம் வந்தது. அந்த றோட்டிலும் ஹபரணைப் பக்கமும் பொழுதுபட்டபின் சைக்கிள் வேண்டாம், யானை. மற்ற றோட்டுகளில் மாடு. பகல் சூட்டை வைத்திருக்கிற தாரில் இரவெல்லாம் படுத்திருக்கும், விளக்கு இல்லாமல் போனால் அதன் மேலேதான் ஏறுவீர்கள்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏற வேண்டும். சம்பந்தர் பாடிய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை. வழியில் மான்கள் வந்து கைப்பிடியை மோந்து பார்க்கும். தெற்கே சீனக்குடா எண்ணெய்க் குதங்களைத் தாண்டினால் கிண்ணியாப் பாலம், 2009இல் திறந்தது. அதற்கு முன் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வழி இல்லை, பஸ்ஸை ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற மிதவை. சின்ன வயதில் அதற்குக் காத்திருந்து வாங்கிச் சாப்பிட்ட கச்சான் கொட்டையின் ருசி நாக்கில் இருக்கிறது, பாலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டேன். இராணுவ முகாம்கள் வரும் இடங்களில் கமராவை வெளியே எடுக்காதீர்கள்.

கடைசியாக இன்னொரு எச்சரிக்கை. சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று நினைத்துப் பெட்டியைப் பத்திரமாக வைக்காதீர்கள். "இதை அங்க கொண்டுபோய் என்ன செய்யப்போறாய், பேரன் பள்ளிக்கூடம் போக நடக்கிறான்" என்றார் மாமி. அது கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். போன கிழமை படம் வந்தது: பின்னால் இரும்புக் கரியர் பூட்டி, ஹாண்டிலில் மீன் பை தொங்குகிறது. கூடவே தகவல், அலுவலகத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டுமாம், என்னுடையது. ஏப்ரலில் போகலாம் என்றிருக்கிறேன், கச்சான் தொடங்க முன்.

அதற்கு முன் யாராவது திருகோணமலைக்குப் போகிறீர்கள் என்றால் 700 அளவு ரியூப் இரண்டு கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? மாமியின் பேரன் நகரத்தில் நாலு கடையில் கேட்டானாம், 26 அங்குலமும் 28 அங்குலமும்தான் இருக்கிறது. முன் சில்லில் மெல்லக் காற்று இறங்குகிறதாம்.