பூஸ்டர் வாங்கறதுக்கு முன்னாடி ரவுட்டரை கொஞ்சம் நகத்தி பாருங்க

வீட்டுல வைஃபை சரியா எடுக்கலனு சொன்னா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான், ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டுங்கனு. தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. நிறைய வீட்டுல கோளாறு ரவுட்டர்ல இல்ல, அதை வச்சிருக்க எடத்துலதான். கனெக்‌ஷன் குடுக்க வந்தவரு கேபிள் உள்ள வர்ற மூலையிலயே மாட்டிட்டு போயிருப்பாரு, நாமளும் வருஷக்கணக்கா அதை தொட்டிருக்க மாட்டோம்.

முதல்ல அளக்கணும். போன்ல தெரியற மூணு கோட்டை நம்பாதீங்க, ஒவ்வொரு போன்லயும் அது ஒவ்வொரு கணக்கு. ஆண்ட்ராய்டுல வைஃபை அனலைசர் மாதிரி ஏதாவது ஒரு ஆப் போட்டா டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு) கணக்குல நம்பர் காட்டும், ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல ஆப்ஷன் கீயை அழுத்திகிட்டே மேல இருக்க வைஃபை ஐகானை கிளிக் பண்ணா ஆர்எஸ்எஸ்ஐனு அதே நம்பர் வரும். எல்லாமே மைனஸ்லதான் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50னா அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் பிரச்சனை இல்லாம ஓடும், 70ஐ தாண்டுனா இழுக்கும், 80னா கனெக்‌ஷன் இருக்கும் ஆனா பெருசா எதுவும் லோட் ஆகாது. ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்க வித்தியாசத்தை டிபினு சொல்வாங்க. 3 டிபி குறைஞ்சா பவர் பாதி, 10 டிபி குறைஞ்சா பத்துல ஒரு பங்கு, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. போனை கையில வச்சுகிட்டு வழக்கமா உக்கார்ற எடத்துல எல்லாம் நின்னு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதுங்க.

எங்க வீட்டுல ரவுட்டர் டிவிக்கு பின்னாடி இருந்துச்சு, படுக்கற ரூம்ல மைனஸ் 76. அதை எடுத்து ரெண்டு மீட்டர் தள்ளி ஷெல்ஃப் மேல தலை உயரத்துக்கு வச்சேன், அதே கட்டில்ல மைனஸ் 63 ஆயிடுச்சு. 13 டிபின்னா கிட்டத்தட்ட 20 மடங்கு பவர், ஒரு பைசா செலவில்லாம.

ஏன்னா சிக்னலும் வெளிச்சம் மாதிரிதான், வழியில எது நிக்குதோ அதோட நிழல் விழும். ஆனா எது நிழல் குடுக்கும்ங்கறது கண்ணுக்கு தெரியறதுக்கு நேர்மாறா இருக்கலாம். மரக்கதவு, பிளைவுட் எல்லாம் பெருசா தடுக்காது. கம்பி கட்டுன கான்கிரீட் நல்லாவே தடுக்கும். உலோகம் திருப்பி அனுப்பிடும், அதனால இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஏன் பெரிய நிலைக்கண்ணாடி கூட (பின்னாடி உலோக பூச்சு இருக்கே) மோசம். தண்ணி உறிஞ்சிக்கும், மீன் தொட்டிக்கு பின்னாடி ரவுட்டர் வச்சா அந்த பக்கம் அவ்வளவுதான். ரவுட்டர்ல இருந்து உங்க சேருக்கு மனசுல ஒரு நேர்கோடு போட்டு பாருங்க, சுவரை நேரா குறுக்க தாண்டுதா இல்ல சாய்வா தாண்டுதா? சாய்வா போனா அதே சுவர் இன்னும் தடிமனா ஆயிடும்.

ஆன்டெனா பத்தி ஒண்ணு. குச்சி மாதிரி இருக்க ஆன்டெனாவோட முனையில இருந்து சிக்னல் பாய்றதில்ல, குச்சியை சுத்தி வளையமாத்தான் பரவும், முனை காட்டற திசையிலதான் இருக்கறதுலயே கம்மி. அதனால எந்த ரூமுக்கு வேணுமோ அந்த ரூமை பாத்து நீட்டி வைக்காதீங்க. ஒரே மாடின்னா நிமிர்த்தி வைங்க, மேல்மாடிக்கும் வேணும்னா ஒண்ணை படுக்க வச்சு பாருங்க.

ரவுட்டர் மூலையிலதான் இருந்தாகணும், பாதி சிக்னல் வீட்டுக்கு வெளிய போகுதுன்னா அதை உள்ள திருப்பலாம். இதுக்கு அலுமினியம் ஃபாயில் போதும், நிஜமாவே வேலை செய்யும். 2017ல அமெரிக்காவோட டார்ட்மவுத் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இதையே பெரிய அளவுல பண்ணாங்க, எந்த ரூமுக்கு சிக்னல் வேணும் எதுக்கு வேணாம்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு, அதுக்கு தகுந்த வளைவை 3டி பிரிண்ட் பண்ணி மேல உலோகம் ஒட்டுனாங்க. நமக்கு அட்டையே போதும். ஆன்டெனாவை விட உயரமா ஒரு 25 செமீ அட்டை எடுத்து, ஒரு பக்கம் முழுக்க ஃபாயில் ஒட்டி, பாதியா பிளந்த பைப் மாதிரி வளைச்சு, ஃபாயில் பக்கம் உள்ள வர்ற மாதிரி ஆன்டெனாவுக்கு பின்னாடி நாலஞ்சு செமீ விட்டு நிறுத்துங்க. வைஃபை ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளமே சுமார் 12 செமீ, அதனால ஃபாயில்ல இருக்க சின்ன சுருக்கத்தை எல்லாம் அது கண்டுக்காது. அப்புறம் போனோட அந்த ரூமுக்கு போய், ஒருத்தரை அட்டையை கொஞ்சம் கொஞ்சமா நகத்த சொல்லி நம்பரை பாருங்க. ஒரு செமீ நகந்தா கூட மாறும், பொறுமையா பண்ணுங்க. ரவுட்டரோட காத்து ஓட்டையை மட்டும் மூடிடாதீங்க, சூடாயிடும்.

ரவுட்டர் பவரை கூட்டறதை விட எனக்கு இந்த ஃபாயில் ரிஃப்ளெக்டர் பிடிக்கறதுக்கு காரணம் இருக்கு. ரவுட்டர் சத்தமா பேசுனா மட்டும் பத்தாது, போன் பேசறதும் அதுக்கு கேக்கணும், போனோட பவர் கம்மி, அதை நாம கூட்ட முடியாது. ரிஃப்ளெக்டர் ரெண்டு பக்கமும் உதவும், போற சிக்னலையும் குவிக்கும், வர்ற சிக்னலையும் குவிக்கும்.

தடுக்கறதுக்கும் இதே ஃபாயில்தான், அதோட முதுகு பக்கம் சிக்னல் நல்லா குறையும். ஆனா முழுசா நிக்காது, வேற சுவர்ல பட்டு சுத்தி வந்துடும். அதனால அடுத்தவங்க நம்ம வைஃபையை உபயோகிக்க கூடாதுங்கறதுக்கு ஃபாயிலை நம்பாதீங்க, அதுக்கு ரவுட்டர் செட்டிங்ஸ்ல டபிள்யூபிஏ2 இல்லனா டபிள்யூபிஏ3ங்கற பாதுகாப்பு முறையை வச்சு நீளமான பாஸ்வேர்டு போடணும், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாம பட்டன், பின் நம்பர் வச்சு சேர்க்கற வசதி) ஆஃப் பண்ணணும். மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் இருக்க அடையாள எண்) வச்சு பிளாக் பண்றதும் இப்ப பெருசா பிரயோஜனம் இல்ல, புது போன் எல்லாம் அட்ரஸை தானே மாத்திக்குது. விருந்தாளிங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் குடுத்துடுங்க. ஜாமர் (சிக்னலையே முடக்கற கருவி) வாங்கற யோசனை இருந்தா விட்டுடுங்க, நிறைய நாட்டுல அது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டோட அவசர போன் கால் கூட கெட்டுப்போகலாம்.

சிக்னல் நம்பர் நல்லா இருந்தும் ஸ்லோன்னா அது நெரிசல், பக்கத்து வைஃபைகளும் அதே சேனல்ல (அலைவரிசைக்குள்ள இருக்க பாதை) ஓடுது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 இந்த மூணு சேனல்ல எது காலியோ அதுல போடுங்க, நடுவுல 3, 4னு வச்சா ரெண்டு பக்கமும் இடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான், ஓடும்போது இடிக்கும். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் தொந்தரவு பண்ணும், இதை 2012லயே இன்டெல் சொல்லிடுச்சு, ரவுட்டர் பக்கத்துல இருந்தா தள்ளி வைங்க. ஒரே ரூம்ல இருக்கறவங்க 5 கிகாஹெர்ட்ஸுக்கு போயிடறது நல்லது, அது எட்டற தூரம் கம்மி, வேகம் அதிகம்.

இவ்வளவும் பண்ணி பேப்பர்ல இன்னும் ஒரு ரூம் மைனஸ் 75ஐ விட மோசமாவே நிக்குதா, இப்ப வாங்கலாம். ரிப்பீட்டரை (பூஸ்டர்னு சொல்றது இதைத்தான்) சிக்னல் இல்லாத ரூம்ல மாட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அதுக்கே சிக்னல் வரலனா அது எதை திருப்பி குடுக்கும்? பாதி வழியில, மைனஸ் 60, 65 வர்ற எடத்துல மாட்டுங்க. அதே ரேடியோல வாங்கி அதுலயே குடுக்கற ரிப்பீட்டர்னா வேகம் பாதியா குறையும்.

கேபிள் இழுக்க முடிஞ்சா அதுக்கு ஈடு எதுவும் கிடையாது. கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரைக்கும் ஒரு ஜிகாபிட் தாங்கும். வீட்டுல சும்மா கெடக்கற பழைய ரவுட்டரை எடுத்து, அதோட ஐபி அட்ரஸை (நெட்வொர்க்ல அதுக்கு இருக்க விலாச எண்) மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்தி, டிஎச்சிபியை (மத்த கருவிங்களுக்கு ஐபி அட்ரஸ் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, மெயின் ரவுட்டரோட லேன் போர்ட்ல இருந்து இதோட லேன் போர்ட்டுக்கு (இன்டர்நெட் உள்ள வர்ற வேன் போர்ட்டுக்கு இல்ல) கேபிளை சொருகுங்க. பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணா வைங்க, சேனல் மட்டும் வேற. போன் அதுவா மாறிக்கும். சில சமயம் மாறாம முன்னாடி பிடிச்ச தூரத்து ரவுட்டரையே பிடிச்சு தொங்கிகிட்டு இருக்கும், அப்ப ரெண்டு ரவுட்டர்லயும் 2.4 பவரை கூட்டாதீங்க, மீடியம்னு குறைச்சு விடுங்க, தூரத்து சிக்னல் மங்குனதும் போன் கிட்ட இருக்கறதை தேடி வந்துடும்.