பிறந்த குதிரைக்குட்டிக்கு மூளை ஸ்கேன்: புதிதாகக் கற்பவர்களுக்கு

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இங்கே குதிரை ஈனுவதைப் பார்க்கும் வாய்ப்பும் குறைவு. கால்நடை மருத்துவம் படிக்க ஆஸ்திரேலியா போகும் நம் பிள்ளைகளுக்கு இது உதவும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

படி 1: முதலில் குட்டியைப் பாருங்கள்.
நல்ல குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கும். மூளை பாதித்த குட்டி தாயை விட்டு விலகி அலையும், மடியைத் தேடாது, உறிஞ்சாது. வலிப்பும் வரலாம். பிறந்தபோது நன்றாக இருந்துவிட்டு, ஓரிரு நாளில் இப்படி மாறுவதும் உண்டு.

படி 2: ரத்தப் பரிசோதனை.
சர்க்கரை குறைந்தாலே வலிப்பு வரும். சோடியம், கிருமித்தொற்று, சீம்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பல நேரங்களில் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

படி 3: எந்த ஸ்கேன்?
மனிதக் குழந்தைக்கு உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். குட்டிக்கு அந்த வழி கிடையாது. மண்டையோட்டில் முறிவு, புது ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் சிடி போதும், சில நிமிடங்களில் முடியும். வீக்கம், ஆக்சிஜன் குறைவால் வந்த சேதம் ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐதான் நல்லது, ஆனால் நேரம் பிடிக்கும்.

படி 4: மயக்க மருந்து.
என்னைக் கேட்டால் ஸ்கேனை விட இதுதான் பெரிய வேலை. பிறந்த குட்டியின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், சர்க்கரையும் இறங்கிவிடும். அதனால் நீண்ட நேரம் பால் கொடுக்காமல் வைக்காதீர்கள். கம்பளி போர்த்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், சர்க்கரையை நடுநடுவே அளந்துகொண்டே இருங்கள். தாய்க்குதிரையைக் கண்ணில் படும் தூரத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது மிரண்டுவிடும். எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் குட்டியின் கழுத்துப்பட்டையில் உள்ள உலோக வளையத்தைக் கழற்ற மறக்காதீர்கள். மூச்சும் நாடியும் சீராக இல்லையா? ஸ்கேனைத் தள்ளிப்போடுங்கள். படத்தை நாளைக்கும் எடுக்கலாம்.

படி 5: படம் பார்ப்பது.
தலையை நேராக வைத்து எடுத்தால்தான் இடது, வலது பக்கங்களை ஒப்பிட முடியும். சிடியில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். எம்ஆர்ஐயில் டி2 என்ற வகைப் படத்தில் நீர்கோத்த இடம் பளிச்சென்று இருக்கும். மூளை மடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் மறைந்திருந்தால் வீக்கம் என்று சந்தேகப்படுங்கள். பிறந்த குட்டியின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் பெரிய குதிரையின் படத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மூக்குக்குழாய் வழியே பால், வலிப்புக்கு மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் தொடரட்டும்.