இடக்கைக்காரருக்குப் பெடல் ஸ்டீல் கிட்டார்: திருப்பி வைத்தால் போதாது

சாதாரண கிட்டார் என்றால் கம்பிகளை மாற்றிக் கட்டி, கிட்டாரைத் திருப்பிப் பிடித்துச் சமாளித்துவிடலாம். பெடல் ஸ்டீல் கால்கள்மேல் படுத்த நிலையில் நிற்கும் கிட்டார்; ஒரு கையால் பார் என்ற உலோகத் தண்டைக் கம்பிகள்மேல் நகர்த்தி, மறு கையால் மீட்டி, பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் கம்பிகளின் சுருதியை மாற்றி வாசிப்பது. சாதாரண கிட்டார் நினைப்போடு அதைத் தொடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

இ9 என்ற சுருதி அமைப்பில் உள்ள பத்துக் கம்பி கிட்டாரை அப்படியே சுற்றி வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்க வேண்டிய தடித்த பத்தாவது கம்பி தள்ளிப் போய்விடும். பெடல்களோ எதிரில் இருப்பவரைப் பார்த்து நிற்கும். சரி, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டினால்? அப்போதும் ஆகாது. ஏ பெடலை மிதித்தால் 5, 10 ஆகிய கம்பிகள் பி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற வேண்டும். அதற்கான இழுகம்பிகள் (பெடலோடு இணைந்த தண்டுகள்) கிட்டாரின் அடியில், சேஞ்சர் என்ற சுருதி மாற்றும் பாகத்தில் அந்த இரண்டு கம்பிகளுக்கு உரிய இடத்தில் மாட்டியிருக்கும். வரிசையை மாற்றியதும் அந்த இடங்களுக்கு 6-ம் 1-ம் வந்துவிடும். பெடல் அவற்றை இழுக்கும். அதனால் இடக்கைக்கென்றே செய்த கிட்டார்தான் வேண்டும். பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது கோட்டைவிடுகிற இடம் பெடல் வரிசை. வலக்கைக் கிட்டாரில், பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸின் முறைப்படி, இடமிருந்து வலமாக ஏ, பி, சி பெடல்கள். இன்னொரு கலைஞரான ஜிம்மி டேயின் முறையில் சி, பி, ஏ. இடக்கைக் கிட்டாரில் எமன்ஸ் முறை வேண்டுமென்றால் ஏ வலது ஓரத்தில் வர வேண்டும். பழக்கதோஷத்தில் "இடமிருந்து ஏ, பி, சி" என்று எழுதிக் கொடுத்தால் கைக்கு வருவது டே முறை. அதுவும் நல்ல முறைதான், ஆனால் முழங்கால் லீவர்களும் அதற்கேற்ப இருக்க வேண்டும். எமன்ஸ் முறையில் ஏ பெடலோடு சேர்த்து, இ கம்பிகளை எஃப் ஆக்கும் லீவரை முழங்காலால் வெளிப்பக்கம் தள்ளுகிறோம். பாதமும் முழங்காலும் ஒரே பக்கம் சாய்வதால்தான் அது சுலபம். பெடலை மட்டும் மாற்றிவிட்டு லீவரை அப்படியே விட்டால் பாதம் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் இழுக்கும். பாடங்களில் இடமுழங்கால் இடப்பக்கம் என்று வருவது உங்களுக்கு வலமுழங்கால் வலப்பக்கம். இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

வால்யூம் பெடல் இடது காலுக்குப் போக வேண்டும். கட்டைவிரல் பிக்கும் (கம்பியை மீட்ட விரலில் மாட்டுவது) இடக்கைக்கானதாக இருக்க வேண்டும். வலக்கைப் பிக்கில் முனை தப்பான பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற விரல்களுக்கான உலோகப் பிக்குகளை வளைத்து எந்தக் கைக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

ஆனால் இதுவரை ஸ்டீல் வாசித்தே இராத இடக்கைக்காரருக்கு நான் சொல்வது வேறு. முதலில் சில வாரம் வலக்கைக் கிட்டாரில் உட்கார்ந்து பாருங்கள். பார் பிடிக்கும் கைக்கும் மீட்டும் கைக்கும் இங்கே சமமான வேலை, பலருக்கு அதுவே பழகிவிடும். இடக்கையால் மீட்டிப் பல வருடம் ஊறியவர்களை மட்டும் மாறச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் சுருதி. உட்கார்ந்த நிலையில் முழங்கால் லீவரை லேசாக அழுத்திக்கொண்டிருந்தாலும் கம்பி விலகித்தான் ஒலிக்கும். கால்களை எடுத்துவிட்டு, வலப்பக்கம் உள்ள சாவிகளில் திறந்த கம்பிகளைச் சேர்த்து முடியுங்கள். அதற்குப் பிறகே பெடலை மிதித்தபடி பெடலின் சுருதியைச் சரிசெய்யும் இடது ஓரத்து நைலான் நட்டுகளைத் திருகலாம்.