ஆமையை வைத்து கிளாஸ் எழுதலாம்: ஜார்ஜ்டவுன் தரை ஓடு

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் பலவற்றின் அஞ்சடியில் (கடை முன்னே உள்ள நடைபாதையில்) பூப்போட்ட சிமெண்டு ஓடுகளைப் பார்க்கலாம். அச்சு ஒன்றுதான், பதிக்கும் இடமும் ஊற்றும் சாயமும் மாறும். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அந்த அச்சுக்குப் பெயர் கிளாஸ், ஓட்டுக்குப் பெயர் ஆப்ஜெக்ட். வரையறை இதற்கு மேல் இப்போது வேண்டாம், வரையத் தொடங்கலாம்.

தேவை பைத்தான் 3. ஆமையை நகர்த்திப் படம் வரையும் டர்ட்டில் தொகுதி அதனுடனேயே வரும். உபுண்டு போன்ற சில இடங்களில், ஜன்னலைத் திறக்க உதவும் டிகின்டர் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

கீழே பைத்தானின் சொற்களை ஒலிப்படி தந்திருக்கிறோம், அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஓடு, ஆமை, வரை, பக்கம் போன்றவை நாம் வைத்த பெயர்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் அவற்றை அப்படியே தமிழில் அடிக்கலாம். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய சொல்லில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒளிந்திருந்தால் மட்டும் பிழை வரும். அந்தச் சொல்லைக் கையால் திரும்ப அடித்தால் போய்விடும்.

படி 1: இரண்டு ஆமைகள்

இம்போர்ட் டர்ட்டில்
சிவப்பி = டர்ட்டில்.டர்ட்டில்()
கறுப்பி = டர்ட்டில்.டர்ட்டில்()
சிவப்பி.கலர்("ரெட்")
சிவப்பி.ஃபார்வர்ட்(100)
கறுப்பி.லெஃப்ட்(90)
கறுப்பி.ஃபார்வர்ட்(50)
டர்ட்டில்.டன்()

ஒரே கிளாஸிலிருந்து வந்த இரண்டு ஆமைகள் இவை. சிவப்பி நிறம் மாறினாலும் கறுப்பி மாறவில்லை. இடம், திசை, நிறம் எல்லாம் அவரவர் சொத்து. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பாடம் முடிந்தது.

'டர்ட்டில்.டர்ட்டில்' என்பதில் முதலாவது சின்ன எழுத்தில் தொடங்கும் தொகுதி, இரண்டாவது பெரிய எழுத்தில் தொடங்கும் கிளாஸ். இரண்டையும் சின்னதாக அடித்தால் ஆட்ரிபியூட் எரர் வரும். கோப்புக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்தாலும் அதே பிழைதான். பைத்தான் உண்மையான தொகுதியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்கிக்கொள்ளும். கடைசி வரியை விட்டுவிட்டால் பெரும்பாலும் ஜன்னல் வந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

படி 2: நம் சொந்த கிளாஸ்

புதிய கோப்பில் இம்போர்ட் வரிக்குக் கீழே:

கிளாஸ் ஓடு:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், ஆமை, கிடை, உயரம், பக்கம்):
        செல்ஃப்.ஆமை = ஆமை
        செல்ஃப்.கிடை = கிடை
        செல்ஃப்.உயரம் = உயரம்
        செல்ஃப்.பக்கம் = பக்கம்

    டெஃப் போ(செல்ஃப், வலம், மேல்):
        செல்ஃப்.ஆமை.பென்அப்()
        செல்ஃப்.ஆமை.கோட்டூ(செல்ஃப்.கிடை + வலம், செல்ஃப்.உயரம் + மேல்)
        செல்ஃப்.ஆமை.செட்ஹெடிங்(0)
        செல்ஃப்.ஆமை.பென்டவுன்()

    டெஃப் வரை(செல்ஃப்):
        செல்ஃப்.போ(0, 0)
        ஃபார் _ இன் ரேஞ்ச்(4):
            செல்ஃப்.ஆமை.ஃபார்வர்ட்(செல்ஃப்.பக்கம்)
            செல்ஃப்.ஆமை.லெஃப்ட்(90)

எல்லாரும் தடுக்கி விழும் இடம் செல்ஃப். ஓடு கிளாஸிலிருந்து ஓடு1 என்று ஒன்றைச் செய்து 'ஓடு1.வரை()' என்று அழைத்தால் பைத்தான் அந்த ஓடு1ஐயே முதல் மதிப்பாக உள்ளே அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ள அடைப்புக்குள் செல்ஃப் இல்லையென்றால், நீங்கள் எதையுமே தராதபோதும் "ஒன்று தரப்பட்டது" என்று பிழை வரும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக இயங்கும் இனிட்டின் இருபுறமும் அடிக்கோடு இரண்டிரண்டு. ஒன்றைக் குறைத்தால் "ஓடு மதிப்பு எதையும் வாங்காது" என்ற பொருளில் பிழை வரும்.

போ எதற்கு? ஆமை ஒன்றுதான், முந்தைய ஓட்டை முடித்த இடத்திலேயே நிற்கும். பேனாவைத் தூக்காமல் நகர்த்தினால் ஓடுகளுக்கு நடுவே கோடு இழுபடும். ஓடு ஒவ்வொன்றுக்கும் புது ஆமை தந்தும் வரையலாம்; ஆனால் 24 ஓடு போட்டால் திரையில் 24 ஆமை நிற்கும், ஒவ்வொன்றையும் மறைத்தாக வேண்டும்.

படி 3: வாரிசு

மலேசியக் கொடியில் இருப்பதுபோல் 14 முனை நட்சத்திரம் உள்ள ஓடு:

கிளாஸ் நட்சத்திர_ஓடு(ஓடு):
    டெஃப் வரை(செல்ஃப்):
        சூப்பர்().வரை()
        ப = செல்ஃப்.பக்கம்
        செல்ஃப்.போ(ப/12, ப*0.3)
        ஃபார் _ இன் ரேஞ்ச்(14):
            செல்ஃப்.ஆமை.ஃபார்வர்ட்(ப*5/6)
            செல்ஃப்.ஆமை.லெஃப்ட்(360*5/14)

இனிட்டும் போவும் ஓட்டிலிருந்து தானாக வந்துவிட்டன. சூப்பர் வரி ஓடு கிளாஸின் வரையை அழைக்கிறது; அதை நீக்கினால் சதுரச் சட்டம் இல்லாமல் நட்சத்திரம் மட்டும் விழும்.

கோணத்தில் கவனம் தேவை. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 180-லிருந்து 180/5ஐக் கழித்து 144 போடுவோம். அதே கணக்கு 14-க்கு ஆகாது, 14 கோடுகள் போட்ட பிறகும் வடிவம் மூடாது. ஒற்றைப்படை முனைகளுக்கு மட்டுமே அது சரி. 360*5/14-இல் 5-க்குப் பதில் 6 போட்டாலோ 7 முனை நட்சத்திரம் ஒன்றின்மேலேயே இரண்டு முறை விழும், ஏனெனில் 6-க்கும் 14-க்கும் 2 பொதுக் காரணி.

படி 4: தரை

இரண்டு கிளாஸ்களுக்கும் கீழே, அதே கோப்பில்:

டர்ட்டில்.ட்ரேசர்(0)
ஆமை = டர்ட்டில்.டர்ட்டில்()
ஃபார் வரிசை இன் ரேஞ்ச்(4):
    ஃபார் நிரல் இன் ரேஞ்ச்(6):
        இஃப் (வரிசை + நிரல்) % 2 == 0:
            வகை = நட்சத்திர_ஓடு
        எல்ஸ்:
            வகை = ஓடு
        வகை(ஆமை, நிரல்*60 - 180, வரிசை*60 - 120, 60).வரை()
டர்ட்டில்.அப்டேட்()
டர்ட்டில்.டன்()

'.வரை()' எந்த வகை ஓட்டுக்கு என்று அந்த வரி கேட்பதே இல்லை. நாளைக்குப் பூ_ஓடு என்று இன்னொரு வாரிசு எழுதினால், வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை மட்டும் தொட்டால் போதும்.

ட்ரேசர் சுழியம் என்றால் ஆமை ஊர்வது தெரியாமல் தரை முழுதும் ஒரே நொடியில் வந்து நிற்கும். அதைப் போட்டுவிட்டு அப்டேட்டை மறந்தால் படத்தின் கடைசிப் பகுதி திரைக்கு வராமல் போகலாம். எங்கே தப்பு என்று தேடும்போது ட்ரேசர் வரியின் முன்னால் ஒரு # இட்டு, ஆமையை ஊர்ந்து போகவிட்டுப் பாருங்கள்.