பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் திறக்க மறுத்தால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற எம்.ஜி.பி காரை வெயில் தலைகாட்டியதும் வெளியே எடுக்க நினைக்கும் ஒருவர், ஆயில் அளவைப் பார்ப்பதற்காக டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுப் பானெட் லிவரை இழுக்கிறார். வழக்கமாக முன்பக்கத்தில் கேட்கும் ‘டக்’ என்ற ஓசை கேட்கவில்லை. இரண்டாம் முறை சற்று வேகமாக இழுக்கிறார், மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். லிவர் தளர்ந்து தொங்குகிறது. முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அந்த மூன்றாவது இழுப்புக்குப் பிறகு ஒரு முழு நாளை விழுங்கப்போகும் வேலையாக மாறிவிடுகிறது.

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி வகைக் கார்களில் மிக இளையதற்கே இன்று நாற்பது வயது கடந்துவிட்டது. பானெட்டைத் திறக்கும் கேபிள் என்பது, சுருள் கம்பியாலான உறைக்குள் ஓடும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி மட்டுமே. ஈரம் புகுந்து உறைக்குள் துருப்பிடித்தாலும், லிவரோடு இணையும் முனையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தாலும், வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே லிவர் இறுகியிருப்பதாகக் கைக்குத் தெரிந்தவுடன் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கம்பியில் இன்னும் ஒரேயொரு நல்ல இழுப்பு மிச்சம் இருக்கலாம், அதை வீணாக்கக் கூடாது.

அடுத்த தவறு, எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே கருவிகளைக் கையில் எடுப்பது. லிவர் கைக்குச் சொல்லும் செய்தி மூன்று வகைப்படும். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால், கேபிள் அறுந்திருக்கிறது அல்லது ஏதோ ஒரு முனையில் கழன்றிருக்கிறது. அசையாமல் இறுகி நின்றால், கேபிள் உறைக்குள் துருவேறியிருக்கிறது அல்லது முன்னால் உள்ள பூட்டு சுமையில் சிக்கியிருக்கிறது. லிவர் இயல்பாக வந்து, ஓசையும் கேட்டு, பானெட் மட்டும் எழவில்லை என்றால், பூட்டு திறந்துவிட்டது; அதை மேலே தள்ள வேண்டிய ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பு ரப்பர் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றாவது நிலையில், ஒருவர் லிவரை இழுத்தபடியே பிடித்திருக்க, மற்றொருவர் விளிம்பை இரு கைகளாலும் மெல்லத் தூக்கினால் போதும். தனியாளாக லிவரை விட்டுவிட்டு முன்னால் ஓடிவருவதற்குள் பூட்டு மறுபடி தன் இடத்தில் விழுந்துவிடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாவது நிலைக்கான வைத்தியம் கேட்பதற்கு முரணாக இருக்கும்: திறக்க வேண்டுமானால் முதலில் அழுத்த வேண்டும். எம்.ஜி.பி-யில் பானெட்டின் அடியில் ஸ்பிரிங் சுற்றிய ஒரு முளை தொங்குகிறது. அது ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டின் துளைக்குள் இறங்கும்போது, நகரும் தகடு ஒன்று அதன் கழுத்தைக் கவ்விக்கொள்கிறது. ஸ்பிரிங் முளையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், அந்த விசை முழுவதும் கவ்வும் தகட்டின் மேல் விழுகிறது. எண்ணெய் வற்றித் துருவேறிய பூட்டில் அந்த உராய்வை வெல்லும் வலு பழைய கேபிளுக்கு இருப்பதில்லை. உதவிக்கு வந்தவர் பூட்டுக்கு நேர் மேலே உள்ளங்கையை விரித்து வைத்துச் சீராகக் கீழே அழுத்த வேண்டும். அந்த நொடியில் உள்ளே இருப்பவர் லிவரை இழுக்க வேண்டும். முஷ்டியால் குத்துவது கூடாது. தொடக்க ஆண்டுகளின் எம்.ஜி.பி பானெட்டுகள் அலுமினியத்தால் ஆனவை, குத்திய இடத்தில் குழி அப்படியே நின்றுவிடும். சிக்கிய பூட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முறைக்கே இணங்கிவிடும் என்பது என் கணிப்பு. இருந்தும் எல்லோரும் இதைக் கடைசியில்தான் முயல்கிறார்கள்.

அதற்கு முன்பே பலர் செய்துவிடுவது, விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்புவது. இதனால் பெயிண்டு உரியும், தகடு வளையும், பூட்டு மட்டும் திறக்காது. ஏனெனில் முளை எஃகு, பானெட்டோ மெல்லிய தகடு, இரண்டுக்கும் நடக்கும் போட்டியில் தோற்பது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஒட்டியிருப்பது உறுதியானால் மட்டும், வழவழப்பான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பு நெடுகிலும் செலுத்திப் பார்க்கலாம்.

கேபிள் அறுந்தே போயிருந்தாலும், அது பெரும்பாலும் லிவர் முனையில்தான் அறுந்திருக்கும். அங்கே வளைவும் அதிகம், இழுப்பும் அதிகம். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உறையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதை வைஸ் கிரிப் (பிடித்த பிடி விடாத குறடு) கொண்டு பிடித்து இழுக்கலாம், ஆனால் மறுகையால் வெளியுறையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உறையும் சேர்ந்து நகர்ந்தால் எவ்வளவு இழுத்தாலும் முன்முனையில் ஒரு மில்லிமீட்டர் அசைவும் ஏற்படாது. எண்ணெய் தெளிப்பதிலும் அவசரம் உதவாது. துரு நீக்கும் எண்ணெயைக் கேபிளின் உள்முனையிலும், மெல்லிய குழாய் வழியாகக் கிரில்லின் இடைவெளியில் பூட்டின் மீதும் விட்டு, ஓர் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். தெளித்த மறுநிமிடமே இழுப்பது தெளிக்காமல் இழுப்பதற்குச் சமம்.

இவை எதற்கும் மசியாதபோதுதான் காரின் அடியில் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, பூட்டு எந்த முனையில் இருக்கிறது என்பது. எம்.ஜி.பி-யின் கீல் கண்ணாடிப் பக்கத்திலும் பூட்டு மூக்குப் பக்கத்திலும் இருக்கின்றன; ஆகவே அடியிலிருந்து ரேடியேட்டருக்கு முன்னால் கையையோ நீண்ட கம்பியையோ மேலே செலுத்திப் பூட்டின் தகட்டைத் தள்ளலாம், ரேடியேட்டரின் மெல்லிய செதில்களை மடக்கிவிடாத கவனம் இருந்தால் போதும். 1968 முதல் 1976 வரை காவென்ட்ரியில் தயாரான டிரையம்ப் டி.ஆர்.6 இதற்கு நேர் எதிர். அதன் கீல் முன்னால் இருக்கிறது, பூட்டு எஞ்சினுக்குப் பின்னால், இருக்கைப் பகுதியைப் பிரிக்கும் தடுப்புச் சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. எம்.ஜி.பி-க்குச் சொன்ன வழியை இதில் முயல்பவர் ரேடியேட்டருக்கு முன்னால் துழாவிவிட்டு, அங்கே பூட்டே இல்லாததைக் கண்டு திகைத்து நிற்பார். அதே காலத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் பக்கத்துக்கு ஒன்றாக வெளிக் கொக்கிகளே பானெட்டைப் பிடித்திருப்பதால் இந்தத் தலைவலியே கிடையாது, வடிவமைப்பாளரை வாழ்த்தலாம்.

மின்சாரத்தை மறப்பது இதைவிட ஆபத்தானது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் சோலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) வரை வரும் தடித்த கம்பியில், சாவியை எடுத்துவிட்ட பிறகும், ஃபியூஸின் காவல் இல்லாமல் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்புக் கம்பியைத் துழாவும்போது அதன் முனை அங்கே பட்டு, நடுப்பகுதி காரின் உடலில் பட்டால், கம்பி நொடியில் பழுத்துவிடும். எம்.ஜி.பி-யில் பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் (1974 வரை ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு, பிறகு பன்னிரண்டு வோல்ட் ஒன்று) பானெட் மூடியிருக்கும்போதே இணைப்பைக் கழற்றிவிடலாம். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரிலும் பேட்டரி டிக்கியில் இருப்பதால் அதே வசதி உண்டு. டி.ஆர்.6-இல் பேட்டரி பானெட்டுக்குள்ளேயே, பூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே துழாவும் கம்பியில், நுனியை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது கட்டாயம்.

அடியில் படுப்பவர், காரை ஜாக்கின் மேல் மட்டும் நிறுத்திவிட்டுப் படுக்கக் கூடாது. சமதளத்தில் ஆக்சில் ஸ்டாண்டுகளில் (காரின் எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள்) ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே உள்ளே போக வேண்டும்.

மின்பூட்டு வந்த பிற்காலக் கார்களில் தவறின் வடிவம் வேறு. 2004 முதல் வந்த போர்ஷே 997 (911), 987 (பாக்ஸ்டர், கேமன்) வகைகளில் முன்மூடி மின்விசையால் திறக்கிறது, பேட்டரியோ அந்த மூடிக்கு உள்ளேதான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் பெட்டிச் சாவி பெட்டிக்குள் சிக்கிய கதை. அதற்காகவே கால்வைக்கும் பகுதியிலுள்ள ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய நேர்மின் முனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பூட்டைத் திறக்கலாம். அந்த மெல்லிய இணைப்பின் வழியாகவே எஞ்சினையும் இயக்கிவிடலாம் என்று முயல்வதுதான் தவறு. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது.

எல்லாத் தவறுகளிலும் பரிதாபமானது, திறந்த பிறகு செய்யப்படுவது. அரை நாள் போராடித் திறந்த மகிழ்ச்சியில் பானெட்டைப் பழக்கதோஷத்தில் ‘டப்’ என்று மூடிவிட்டு, கை கழுவப் போகிறவர்கள் உண்டு. திறந்தவுடன் முதல் வேலை, தாங்குகம்பியைப் பொருத்திவிட்டு, யாரும் தெரியாமல் மூடிவிடாதபடி குறுக்குத் தகட்டின் மேல் ஒரு தடித்த துணிச் சுருளை வைப்பது. பிறகு பூட்டை மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் கழுவி, ஸ்பிரிங் தன் இடத்துக்குச் சுறுசுறுப்பாகத் திரும்புகிறதா என்று பார்த்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவ வேண்டும். துரு நீக்கும் எண்ணெயை மட்டும் தெளித்துவிட்டால் அது சில வாரங்களில் வற்றிப் பழைய நிலையே திரும்பும். இழை அறுந்த கேபிளை முறுக்கிக் கட்டி ஓட்டக் கூடாது; கம்பியையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மூடுவதற்கு முன் சோதிக்கும் முறை எளிது. பானெட் திறந்திருக்கும்போதே, முளையின் பருமனுள்ள திருப்புளித் தண்டு ஒன்றைப் பூட்டின் துளைக்குள் விட்டால், திறந்து மூடும் தகட்டின் அசைவு கண்ணுக்குத் தெரியும். ஒருவர் லிவரை இழுக்க, தகடு துளையை விட்டு முழுவதும் விலகுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். பாதியில் நின்றால் கேபிளை இறுக்க வேண்டும். முளையின் முனையிலுள்ள பிளவில் திருப்புளியை வைத்து, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, முளையின் நீளத்தையும் சரிசெய்யலாம். உள்ளங்கையின் மிதமான அழுத்தத்தில் பூட்டு விழ வேண்டும். ஓங்கி அறைந்தால்தான் பூட்டுகிறது என்றால் முளை சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள். பக்கத்திலுள்ள பாதுகாப்புக் கொக்கியை இடைஞ்சல் என்று வளைத்து ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். பின்பக்கம் கீல் உள்ள பானெட் ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்று அதைக் கண்ணாடியின் மேல் புரட்டி அடிக்கும், அதைத் தடுப்பது அந்தக் கொக்கி ஒன்றுதான்.

டி.ஆர்.6 உரிமையாளர்களில் பலர் பூட்டிலேயே இரண்டாவது கேபிள் ஒன்றைப் பொருத்தி, தடுப்புச் சுவரின் ரப்பர் வளையம் வழியாக உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எம்.ஜி.பி-க்கும் இது நல்ல ஏற்பாடு. சைக்கிள் பிரேக் கேபிள் இதற்குப் போதும். ஆனால் அதன் முனையைக் கிரில்லுக்குப் பின்னால், வெளியிலிருந்து விரல் எட்டும் இடத்தில் தொங்கவிட்டால் பேட்டைத் திருடனுக்கும் அது வசதியாகிவிடும். விசிறியிலிருந்தும் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் விலக்கி, ஒரு ஸ்பேனர் கொண்டு ஏதேனும் ஒரு தகட்டைக் கழற்றினால் மட்டுமே எட்டும் இடத்தில் முனையை மடக்கிக் கட்டிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்பதைக் காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.