பள்ளித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு தயாரிப்பதும் பயன்படுத்துவதும்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைத் தேர்தலோ, பள்ளி மேலாளர் வாரியத்துக்கான பெற்றோர் பிரதிநிதித் தேர்வோ பல வேளைகளில் கை தூக்குவதோடு முடிந்துவிடுகிறது. போட்டியில்லாத பதவிக்கு அது போதும். போட்டி வந்துவிட்டால், தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் பார்த்துக்கொண்டிருக்கையில் யாருக்குக் கை தூக்குவது என்று பெற்றோர் தயங்குவார்கள். 1951-இலேயே ஜோர்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கு வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு வாக்குச்சீட்டு புதிதன்று. அதைச் சரியாகத் தயாரிப்பதற்குத்தான் கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

அச்சடிப்பதற்கு முன் சட்டவிதிகளைக் கையில் எடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழும், அதையொட்டி 1998-இல் வந்த ஒழுங்குமுறைகளின் கீழும் இயங்குகின்றன. மேலாளர் வாரியத்துக்கு உரிய விதிகள் வேறு. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி வாக்கா, குடும்பத்துக்கு ஒன்றா, தாத்தா பாட்டி பாதுகாவலராக வாக்களிக்கலாமா, வராதவருக்காக இன்னொருவர் வாக்களிக்கலாமா, வாக்குகள் சமமானால் என்ன செய்வது ஆகியவற்றுக்கு விதியில் விடை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால், வேட்பாளர் யார் என்று தெரியவரும் முன்பே செயலவை முடிவெடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெயர்கள் தெரிந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே தோன்றும். தேர்தல் அதிகாரி போட்டியிடுபவராகவோ, யாரையும் முன்மொழிந்தவராகவோ இருத்தல் கூடாது.

சீட்டில் பெயரை எப்படி அச்சிடுவது என்பதில்தான் கவனம் அதிகம் தேவை. ஆசிரியர்களும் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்களுள் தமிழ் படிக்கத் தெரியாத மலாய் ஆசிரியர்கள் இருக்கலாம். தமிழ்ப்பள்ளியில் படிக்காத பெற்றோரும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பெயரையும் தமிழிலும், அடையாள அட்டையில் உள்ளபடி ரூமி எனப்படும் ரோமன் எழுத்திலும், ஒரே அளவில் அச்சிடுங்கள். இரண்டு குமார்கள் போட்டியிட்டால் தந்தை பெயரையும் சேர்ப்பது கட்டாயம். டத்தோ, டாக்டர் போன்ற பட்டங்களை எல்லாருக்கும் விட்டுவிடுவதே நல்லது. அவை வாக்காளரின் கண்ணை இழுக்கும். வரிசைக்கு அகரவரிசை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தமிழ் வரிசையில் ஜெயந்தி கடைசிக்குப் போவார், ரூமி வரிசையில் நடுவில் நிற்பார். வேட்பாளர்கள் முன்னிலையில் குலுக்கல் போட்டு வரிசையைத் தீர்மானித்தால் பேச்சுக்கு இடமிருக்காது.

சீட்டின் தலைப்பில் பதவியின் பெயரும், தேர்ந்தெடுக்க வேண்டிய எண்ணிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். "5 பேருக்கு மேல் குறியிடக் கூடாது, அதற்குக் குறைவாகக் குறியிடலாம்" என்ற வாசகத்தைப் பெயர்களுக்கு மேலேயே அச்சிடுங்கள், ஏனெனில் கீழே இருப்பதைக் குறியிட்டு முடித்த பிறகே பலர் படிக்கிறார்கள். பதவிக்கு ஒரு நிறத்தாள் வைத்தால் எண்ணும்போது கலக்காது. மெல்லிய வெள்ளைத்தாளில் பேனாக் குறி மறுபக்கம் தெரியும் என்பதால் சற்றுத் தடித்த தாளை வாங்குங்கள்.

வரிசை எண் சீட்டில் இருக்கவே கூடாது; கிழித்து வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையில் மட்டும் இருக்கட்டும். அடிக்கட்டையில் வாக்காளரின் பெயரை எழுதாமல், பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே கையொப்பம் வாங்கினால் போதும். பொதுத் தேர்தலில் 2013 முதல் விரலில் மை பூசுகிறார்கள். பள்ளி மண்டபத்துக்கு அவ்வளவு வேண்டாம். சங்க முத்திரையை முன்கூட்டியே எல்லாச் சீட்டிலும் குத்தி வைக்காதீர்கள். வாக்காளரிடம் கொடுக்கும் நொடியில் குத்தினால், அச்சகத்திலோ அலுவலகத்திலோ தவறிப்போன தாள் எதுவும் வாக்காக மாற முடியாது.

கூட்டத்திலேயே முன்மொழிவு நடக்கும் பதவிகளுக்குப் பெயர்களை அச்சிட வழியில்லை. அப்போது வெற்றுத்தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்வது தவறு. கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1 முதல் 8 வரை எண்களும் கட்டங்களும் மட்டும் அச்சிட்ட சீட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, எந்த எண் யாருக்கு என்பதை வெண்பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

வாக்களிக்கும் இடத்தில், காகிதப் பெட்டிகளை வெட்டி மேசைமேல் மறைப்பாக நிறுத்தலாம். குறியிடும் முறையை விளக்கும் மாதிரிச் சீட்டில் உண்மையான வேட்பாளரின் பெயருக்கு எதிரே குறி போட்டு ஒட்டினால் அது பிரசாரமாகிவிடும். பழங்களின் பெயர்களைப் போடுங்கள். மறைப்புக்குப் பின்னால் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. சீட்டு பெட்டிக்குள் விழுவதை ஒருவர் கவனிக்க வேண்டும். குறியிடாத ஒரு சீட்டு வெளியே போனால், அதில் குறியிட்டு அடுத்தவரிடம் கொடுத்துப் போடச்சொல்லி, அவருடைய வெற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு இதையே சங்கிலியாகத் தொடரலாம். தவறாகக் குறியிட்டவருக்கு, பழைய சீட்டைத் திரும்ப வாங்கிக் குறுக்கே கோடிட்டு உறைக்குள் வைத்த பின்னரே புதியதைக் கொடுங்கள்.

எண்ணுவதற்கு முன் தாள் கணக்கைப் பாருங்கள். 240 அச்சிட்டு, 71 மிஞ்சி, 4 கெட்டுத் திரும்பியிருந்தால் பெட்டியில் 165 இருக்க வேண்டும். 164 இருந்தால் யாரோ சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். குறிப்பில் எழுதிவிட்டுத் தொடரலாம். 166 இருந்தால் நிலைமை வேறு: முத்திரையில்லாத தாளைத் தேடி விலக்குங்கள். அப்படி எதுவும் கிடைக்காமல், வெற்றி வித்தியாசமும் ஒரே வாக்காக இருந்தால், அப்பதவிக்கு மறுவாக்கெடுப்பு நடத்துவதே நேர்மை.

செல்லாத வாக்குகளைப் பொறுத்தவரை, பெருக்கல் குறியா, சரிக் குறியா என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. எண்ணம் தெளிவாக இருந்தால் வாக்கை ஏற்கலாம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் குறியிட்ட சீட்டு, குறியே இல்லாத சீட்டு, முத்திரையில்லாத சீட்டு, கையொப்பமோ பெயரோ இட்ட சீட்டு ஆகியவை செல்லா. சந்தேகத்துக்குரியவற்றைத் தனியே ஒதுக்கி, வேட்பாளரின் முகவர்கள் பார்க்க, எல்லாவற்றையும் கடைசியில் ஒருசேரத் தீர்மானியுங்கள்.

முடிவை அறிவித்த பின், சீட்டுகளையும் அடிக்கட்டைகளையும் தனித்தனி உறைகளில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் தேர்தல் அதிகாரியும் முகவர்களும் கையொப்பமிட்டுப் பள்ளிப் பெட்டகத்தில் வையுங்கள். ஆட்சேபத்துக்கான காலம் கடந்ததும் அவற்றைத் துண்டாக்கி அழித்துவிட்டு, அழித்த தேதியைச் செயலவைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.